கனிவான துணையும் முப்பது நாள் ஓய்வும்

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2012ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளிவந்தது. வருமானம் குறைந்த நாடுகளில் கர்ப்பிணிகளின் மனநலம் பற்றியும் பிள்ளை பெற்ற பெண்களின் மனநலம் பற்றியும் அதுவரை நடந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட கட்டுரை அது. கர்ப்ப காலத்தில் 15.6 சதவீதப் பெண்களும் பிரசவத்துக்குப் பிறகு 19.8 சதவீதப் பெண்களும் மனச்சோர்வு, தீராத பதற்றம் போன்ற கோளாறுகளால் அவதிப்படுகிறார்கள் என்று அது கணக்கிட்டது. அதாவது, பிள்ளை பெற்ற ஐந்து பேரில் ஒருவர். பணக்கார நாடுகளில் இந்த அளவு குறைவு. எண்களைவிட, ஒரு பெண்ணை இந்த நிலைக்குத் தள்ளுவது எது, காப்பது எது என்று அந்தக் கட்டுரை தரும் விவரங்களைத்தான் நாம் நின்று படிக்க வேண்டும். வறுமை, விரும்பாத கர்ப்பம், இளவயது, கணவனின் அடி உதை, பகைமை காட்டும் மாமியார் வீடு, கைகொடுக்க ஆளில்லாத நிலை, சில நாடுகளில் பெண் குழந்தை பிறப்பது ஆகியவை தள்ளுகின்றன. படிப்பு, நிலையான வேலை, கனிவும் நம்பகமும் கொண்ட துணை ஆகியவை காக்கின்றன. கணவன் கனிவானவனா இல்லையா என்பது இரத்த அழுத்தத்தைப் போல அளந்து பார்க்க வேண்டிய மருத்துவ விவரம் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஜேன் ஃபிஷர். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர், மருத்துவ உளவியலாளர். கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பெண்களின் மனநலத்தை, குறிப்பாகத் தாய்மைக் காலத்து மனநலத்தை ஆராய்ந்துவருபவர். மெல்பர்ன் மருத்துவமனைகளில் தொடங்கி வியட்நாம் கிராமங்கள்வரை நீளும் அவருடைய பணியைத் தொடர்ந்து படித்துவந்தால் ஒரு முடிவு தவிர்க்க முடியாததாகிறது. தாய்மைக் காலத்து மனத்துயரில் பெரும்பங்கு, தாயைச் சுற்றியிருப்பவர்கள் அவளை எப்படி நடத்துகிறார்கள் என்பதிலிருந்து பிறக்கிறது. அப்படியானால், இத்துறையில் உழைக்கும் உளவியலாளரின் வேலையும் நான்கு சுவருக்குள் ஒரு பெண்ணிடம் பேசுவதோடு முடிந்துவிட முடியாது. கணவர், மாமியார், செவிலியர், மருத்துவமனை நிர்வாகம் எல்லோரும் அவருடைய பணியின் எல்லைக்குள் வருகிறார்கள். இந்தக் கருத்தை ஆதாரங்களோடு எடுத்துவைப்பதும், அதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுக்குப் பதில் தேடுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சில அடிப்படைகள். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதித் தருபவர். உளவியலாளர் மருந்து தருவதில்லை. பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் ஒருவர் தன் எண்ணங்களையும் உறவுகளையும் அன்றாட வாழ்க்கையையும் சீர்செய்துகொள்ள உதவுபவர். பிரசவம் முடிந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை முட்டிக்கொண்டு வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு நேர்கிறது. அது நோயன்று, இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராமல், ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்ற குற்ற உணர்வில் ஒரு பெண் நாள் முழுவதும் அமிழ்ந்து கிடந்தால் அது மனச்சோர்வு. மூன்றாவதாக ஒன்று உண்டு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே, தூக்கம் அறவே போய், இல்லாத குரல்கள் கேட்டு, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் தோன்றும் மனப்பிறழ்வு நிலை வரும். அதற்கு அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். ‘காத்து கருப்பு’ என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் இரண்டு உயிர்களுக்கு ஆபத்து. அந்த நிலையில் உடற்கூற்றின் பங்கு பெரிது, மருந்து கட்டாயம். சுற்றத்தாரின் நடத்தை பற்றிய என் வாதம் முதன்மையாகப் பொருந்துவது நடுவில் சொன்ன மனச்சோர்வுக்கும் அதனோடு சேர்ந்துவரும் பதற்றத்துக்கும்தான். நோய்க்கு ஆளாகும் தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் படும் பாடும் அதுதான்.

ஃபிஷர் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, முதல் குழந்தையை எதிர்நோக்கியிருந்த 272 பெண்களைப் பிரசவத்துக்கு முன்பும் பின்பும் தொடர்ந்து கவனித்தது. இயல்பாகப் பிள்ளை பெற்றவர்களின் மனநிலை பிரசவத்துக்குப் பின் மேம்படவே வாய்ப்பு அதிகமாக இருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் மனநிலையும் தன்மதிப்பும் சரிந்தன. தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 60க்கும் மேல். சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை, அதைப் பழிப்பது என் நோக்கமில்லை. அந்த ஆய்வு மெல்பர்னில் நடந்தது, அதன் எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தவும் முடியாது. ஆனால் வயிற்றைத் திறந்து தைத்த ஒரு பெண்ணை மறுநாளே உட்கார்ந்து பாலூட்டச் சொல்லிவிட்டு, ‘தாயும் சேயும் நலம்’ என்று உறவினருக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் போகும் வழக்கத்தில், அவள் மனத்தில் என்ன நடந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஏன் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தது என்பதைக்கூட அவளுக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்பவர்கள் குறைவு. விளக்கம் கிடைக்காதபோது, தன்னால் ஒழுங்காகப் பெற்றுக்கொள்ள முடியவில்லை என்ற எண்ணம் அவளுக்குள் தங்கிவிடுவது எளிது.

மெல்பர்னில் பச்சைக்குழந்தையோடு தாய் வந்து சில நாட்கள் தங்கும் மருத்துவப் பிரிவுகள் உண்டு. அப்படிப்பட்ட பிரிவு ஒன்றில் ஃபிஷரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வுகள் வேறொரு உண்மையைக் காட்டின. அங்கே வந்த தாய்மார், தூங்காமல் ஓயாது அழும் குழந்தைகளோடு வந்தவர்கள். மனச்சோர்வு என்று அளவுகோல் காட்டியதில் பெரும்பகுதி கடும் களைப்போடு பின்னிக் கிடந்தது. குழந்தையைத் தூங்கவைக்கும் முறைகளைக் கற்றுக்கொடுத்து, தாய்க்கு ஓய்வு தந்து, அவள் பேசுவதைக் கேட்டு, கணவரையும் அழைத்துப் பேசிய பிறகு பெரும்பாலானவர்களின் மனநிலை தெளிந்தது. பல வாரங்களுக்குப் பின் விசாரித்தபோதும் அந்தத் தெளிவு நீடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வு என்பதால், எல்லாப் பலனும் சிகிச்சையால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் அது எழுப்பும் கேள்வி முக்கியமானது. மாதக்கணக்கில் தொடர்ந்து நான்கு மணிநேரம் தூங்காத ஒருவர் ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவராக இருந்தால் அவருக்கு விடுப்பு தருவோம், மாற்று ஆள் போடுவோம். அதே நிலையில் ஒரு தாய் இருந்தால் அவளுக்குத் தாய்மை உணர்வு போதவில்லை என்கிறோம்.

இங்கேதான் நம்மவர்களிடமிருந்து முதல் மறுப்பு எழும். மேற்கத்திய நாட்டில் தனிக்குடித்தனம், யாரும் இல்லாத வீடு. அதனால் அவர்களுக்கு இந்த நோய் வருகிறது. நம் ஊரில் வளைகாப்பு உண்டு, தாய்வீடு உண்டு, பத்தியச் சோறு உண்டு, பிரசவ லேகியம் உண்டு, குளிப்பாட்டிவிட ஆள் உண்டு. பாட்டிமார் பத்துப் பிள்ளை பெற்றார்களே, மனச்சோர்வு என்று படுத்தார்களா என்பார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஸ்டெர்ன், க்ரக்மன் என்ற இரு மானிடவியலாளர்கள் 1983இல் ஏறக்குறைய இதே கருத்தை ஆய்வுலகில் முன்வைத்தார்கள். பிரசவித்தவளுக்கென்று ஓய்வும் சடங்கும் தனி உணவும் வைத்திருக்கும் சமூகங்களில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அரிதாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். வெகுகாலம் பலர் அதை நம்பினார்கள். வியட்நாமிலும் பிரசவித்தவள் முப்பது நாள் அசையாமல் இருக்க வேண்டும், சில உணவுகளைச் சாப்பிட வேண்டும், சிலவற்றைத் தொடக்கூடாது என்ற மரபு உண்டு. ஃபிஷரும் சகாக்களும் ஹோ சி மின் நகரத்தில் 506 தாய்மாரிடம் விசாரித்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் கவலைக்குரிய அளவில் இருந்தன. 19 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். மெல்பர்னில் வழக்கமாகக் காணப்படுவதைவிட இது மிக அதிகம். மரபு காக்கும் என்ற நம்பிக்கை அந்த எண்களுக்கு முன் நிற்கவில்லை.

ஆனால் அந்த ஆய்வை முழுவதும் படித்தால், மரபின் பக்கமும் ஒரு நியாயம் இருப்பது தெரியும். முப்பது நாள் முழு ஓய்வு கிடைக்காதவர்கள், அந்தத் தனி உணவுகள் தரப்படாதவர்கள் அதிகம் துன்பப்பட்டார்கள். விலக்கச் சொன்ன உணவுகளைத் தவிர்த்து வந்தவர்களும் அதிகம் துன்பப்பட்டார்கள். கணவரிடம் மனம்விட்டுப் பேச முடியாதவர்கள், நிலையான வேலை இல்லாதவர்கள், ஓயாது அழும் குழந்தையை வைத்திருந்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. எனக்குப் புரிவது இது: மரபில் பராமரிப்பாக வந்த பகுதி அவளைத் தாங்கியது, கட்டுப்பாடாக வந்த பகுதி தாங்கவில்லை. நம் ஊர் வழக்கங்களையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். பச்சை உடம்புக்காரி வேலை செய்யக்கூடாது என்பது பராமரிப்பு. தண்ணீரைக் குறைத்துக் குடி, காய்கறி தொடாதே, தீட்டு கழியும்வரை அந்த அறையை விட்டு வராதே என்பது வேறு வகை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நல்ல ஏற்பாடுதான். அதே ஏற்பாடு, குழந்தை பிறந்த முதல் மாதங்களில் கணவனைக் காட்சியிலிருந்தே அகற்றிவிடுகிறது. குழந்தை அழும் இரவுகள் எப்படி இருக்கும் என்று அறியாமலேயே அவன் அப்பாவாகிவிடுகிறான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அவள் புகுந்த வீட்டுக்குத் திரும்பும் நாளில், தாங்கியிருந்த கைகள் எல்லாம் ஒரே நாளில் விலகிவிடுகின்றன.

தமிழ்நாட்டைப் பற்றியே நம்மிடம் ஆதாரம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கிராமப்புறத்தில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்தில் சந்தித்து, பிரசவத்துக்குப் பிறகும் அவர்களைத் தேடிச்சென்று விசாரித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணங்கள் எல்லாமே நமக்குத் தெரிந்தவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை, கர்ப்ப காலத்தில் நேர்ந்த இழப்புகளும் அதிர்ச்சிகளும், உடலுழைப்பில் கைகொடுக்க ஆளில்லாமை, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல். பெற்றோரோடும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாய்வீடு என்றாலே தஞ்சம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்; அந்த வீட்டுக்குள்ளும் சில பெண்கள் சொல்லடி படுகிறார்கள். பெண் குழந்தை பிறந்ததற்காக முகம் சுளிப்பவர்கள் புகுந்த வீட்டில் மட்டும் இருப்பதில்லை. பாட்டிமார் யாரும் படுக்கவில்லையே என்ற கேள்விக்கும் பதில் இதில் அடங்கியிருக்கிறது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத துன்பத்தை இல்லாத துன்பம் என்று எண்ணிக்கொண்டோம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. காரணம் வறுமையும் மாமியாரும் பெண் குழந்தை மீதான வெறுப்பும் என்றால், உளவியலாளர் பேசி என்ன ஆகப்போகிறது? கடனை அடைக்க முடியுமா, குடிகாரக் கணவனைத் திருத்த முடியுமா? நியாயமான கேள்வி. இதற்குக் கிடைத்திருக்கும் வலுவான பதில் பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வருகிறது. மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மானும் குழுவினரும் நடத்திய சோதனை 2008இல் லான்செட் இதழில் வெளியானது. மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறியப்பட்ட ஏறக்குறைய 900 கர்ப்பிணிகளில் ஒரு பாதியினரின் வீடுகளுக்கு, உளவியல் முறையில் குறுகிய பயிற்சி பெற்ற அரசுச் சுகாதாரப் பணிப்பெண்கள் சென்றார்கள். மறுபாதியினரின் வீடுகளுக்கு அதே எண்ணிக்கையில், அந்தப் பயிற்சி இல்லாத பணிப்பெண்கள் சென்றார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, பயிற்சி பெற்றவர்கள் சென்ற வீடுகளில் 23 சதவீதத் தாய்மாருக்கு மட்டுமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. மற்ற வீடுகளில் 53 சதவீதம். குழந்தைக்கு ஒரு வயதானபோதும் அந்த இடைவெளி குறையவில்லை. இரு தரப்பிலும் வறுமை அதே வறுமை, மாமியார் அதே மாமியார். வெறும் ஆள் வந்துபோனதால் நேர்ந்த நன்மை என்றும் சொல்ல முடியாது, வருகை இரு பக்கமும் ஒன்றுதான். வித்தியாசம், அந்தப் பணிப்பெண் என்ன பேசினார், யாரோடு பேசினார் என்பதில் இருந்தது. ‘உன் மருமகளுக்கு மனநோய்’ என்று அவர் வீட்டுக்குள் நுழையவில்லை. ‘குழந்தை நன்றாக வளர வேண்டும், அதற்கு எல்லோரும் என்ன செய்யலாம்’ என்று தொடங்கினார். குழந்தைக்காக என்றால் மாமியாரும் உட்கார்ந்து கேட்பார். ‘என்னால் ஒன்றும் ஆகாது, இது என் தலையெழுத்து’ என்ற எண்ணத்தை அடையாளம் கண்டு, அதை மெல்லச் சோதித்துப் பார்த்து, ஒரு சிறு காரியத்தைச் செய்து பார்க்கும் பயிற்சியைத் தாய்க்குத் தந்தார். இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2015இல் கையேடாக வெளியிட்டது. கோவாவில் அதே பணியை அக்கம்பக்கத்துப் பெண்களே செய்து பார்த்தபோது பலன் இருந்தது, ஆனால் மிதமாகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தானாகவே சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 193 தாய்மாரிடம் மூன்று வகைப் பேச்சு சிகிச்சைகளைச் சோதித்த ஆய்வு 2003இல் வெளியானது. நாலரை மாதத்தில் சிகிச்சை பெற்றவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஒன்பதாம் மாதத்தில் பார்த்தபோது சிகிச்சை பெறாதவர்களும் அவர்களை எட்டிப் பிடித்திருந்தார்கள். அதற்கு முன், 1989இல் எடின்பரோவில் நடந்த சிறு சோதனையில், வீட்டுக்கு வரும் செவிலியர் எட்டு வாரம் தொடர்ந்து காதுகொடுத்துக் கேட்டதில் 26 பேரில் 18 பேர் மூன்று மாதத்தில் குணமடைந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 24 பேரில் 9 பேர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பேச்சு சிகிச்சை பல தாய்மாருக்குத் துயரின் காலத்தைச் சுருக்குகிறது என்பதே நேர்மையான முடிவு. அது போதாதா? குழந்தை பிறந்த முதல் ஆறு மாதம் ஒரு பெண் வாழ்வில் மீண்டும் வராது. பிரிட்டனில் பிரசவத்துக்கு ஆறு வாரத்துக்குப் பின் ஓராண்டுக்குள் நிகழும் தாய்மார் மரணங்களுக்கு, பேறுகாலத்தோடு நேரடியாகத் தொடர்புடைய காரணங்களில் முதலிடம் தற்கொலைக்கு. ஒன்பதாம் மாதம் தானாகத் தெளியும் என்பது ஐந்தாம் மாதத்தில் உயிரை விட நினைப்பவளுக்கு ஆறுதல் ஆகாது.

ராவல்பிண்டி குழந்தைகளை ஏழு வயதில் தேடிப் பார்த்தபோது, இரு தரப்புக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் வித்தியாசம் தென்படவில்லை. இதை வைத்து அந்தத் திட்டம் தோற்றது என்று சிலர் வாதிடக்கூடும். இந்தத் துறை முழுவதிலும் எனக்கு உடன்பாடில்லாத மனப்போக்கு இதுதான். தாயின் மனநலத்துக்குச் செலவு செய்ய வேண்டுமென்றால், குழந்தை அறிவாளியாகும், எடை கூடும், நாட்டுக்கு ஆதாயம் என்றெல்லாம் நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு நன்மை கிடைத்தால் மகிழ்ச்சிதான். வியட்நாமின் ஹா நாம் மாகாணத்தில் 84 கிராமப் பிரிவுகளை வைத்து ஃபிஷர் குழு சோதித்த தாய்மார் கற்றல் மன்றங்களால், இரண்டு வயதுக் குழந்தைகளின் அறிவாற்றல் ஓரளவு மேம்பட்டதாகத் தெரியவந்தது. ஆனால் அப்படி எந்த உபரி ஆதாயமும் இல்லாவிட்டாலும், ஒரு பெண் ஒரு வருடம் துன்பமில்லாமல் வாழ்ந்தாள் என்பதே செலவுக்குப் போதுமான நியாயம். கால் எலும்பு முறிந்தவருக்குக் கட்டுப் போடும்போது, அவர் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்களா என்று நாம் கேட்பதில்லை.

சாதாரண வருத்தத்தை நோயாக்குகிறீர்கள் என்ற மறுப்பும் உண்டு. எடின்பரோவில் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி ஆகியோர் 1987இல் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது, தமிழிலும் உண்டு. ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். அதில் அதிக மதிப்பெண் வந்தால் நோய் உறுதி என்று பொருளில்லை. ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்று பொருள். படிவத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு, பேச ஆளில்லாமல் அனுப்பிவிடும் மருத்துவமனை ஒரு பெண்ணுக்கு முத்திரை குத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அந்த வகையில் இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. சூழல் படுத்தும் பாட்டை அவள் மூளையின் கோளாறு என்று சொல்லி, மாத்திரையோடு அதே சூழலுக்குத் திருப்பி அனுப்புவது தவறு. மாத்திரை தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே மருத்துவர் மேற்பார்வையில் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. மாத்திரையோடு சேர்த்து இரவில் குழந்தையை யார் தூக்குவது என்பதையும் வீட்டாரோடு பேசித் தீர்க்க வேண்டும் என்பதுதான் நான் வலியுறுத்துவது.

அந்தக் கேள்வியையே மையமாக வைத்து ஃபிஷர் குழு ஒரு பயிற்சியை வடிவமைத்தது. முதல் குழந்தை பிறந்து சில வாரங்களில் கணவன், மனைவி, குழந்தை மூவரும் ஒரு நாள் வந்து அமர்வார்கள். குழந்தை ஏன் அழுகிறது, எப்படித் தூங்கவைப்பது என்பதோடு, வீட்டு வேலையை எப்படிப் பங்கிடுவது, ஒருவரையொருவர் குறை சொல்லாமல் எப்படிக் கேட்பது என்பதையும் செவிலியர் கற்றுத்தருவார். முதல் ஆய்வில், முன்பு மனநலச் சிக்கல் இல்லாத தாய்மாரிடம் நல்ல பலன் தெரிந்தது. பிறகு இன்னும் கறாரான முறையில் சோதித்தபோது, தாய்மாரின் மனநலத்தில் உறுதியான வித்தியாசத்தைக் காட்ட முடியவில்லை. என் வாதத்துக்கு இது பின்னடைவுதான். ஒருநாள் வகுப்பு ஒரு கணவனை மாற்றிவிடாது என்று இதைப் படிக்கலாம்; ராவல்பிண்டியில் ஏறக்குறைய ஓராண்டு ஆள் வந்துபோனதையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அதுவே சரியான வாசிப்பு என்று தோன்றுகிறது. உறவுகள் முக்கியம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. உறவுகளைச் சரிசெய்ய எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளம் உளவியலாளர்களுக்கு, ஆகவே, அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் வாழ்க்கை ஒரு பாதி மட்டுமே. அது வேண்டாம் என்று சொல்லவில்லை. கடுமையான சிக்கலில் இருக்கும் பெண்ணுக்கு நீண்ட காலம் தனியாகப் பேச ஒருவர் தேவை. ஆனால் நூறு பிரசவங்களில் 99க்கும் மேல் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் இது. கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கி, கிராம சுகாதார செவிலியரைப் பலமுறை சந்தித்துத்தான் ஒவ்வொரு பெண்ணும் பிரசவத்துக்குப் போகிறாள். இவ்வளவு முழுமையாகத் தாய்மாரை எட்டும் அமைப்பு இந்தியாவில் பல மாநிலங்களுக்கு வாய்க்கவில்லை. எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் அந்தச் செவிலியர், ‘தூக்கம் வருதாம்மா? வீட்ல யார் ஒத்தாசை? மனசு எப்படி இருக்கு?’ என்று கேட்கவும், பதிலைக் கேட்டு என்ன செய்வதென்று தெரிந்திருக்கவும் வேண்டும். ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கியிருக்கும் செவிலியர் தலையில் இன்னொரு சுமையா என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயம்தான். அவருக்குப் பயிற்சி தந்து, மாதந்தோறும் சந்தித்து, அவரால் கையாள முடியாதவர்களைத் தானே ஏற்றுக்கொள்ளும் உளவியலாளர் ஒருவர் வட்டார அளவிலாவது நியமிக்கப்பட வேண்டும், அதற்கு ஏற்பச் செவிலியரின் எழுத்து வேலை குறைக்கப்பட வேண்டும். பயிற்சி கொடுத்துவிட்டுக் கைகழுவிய திட்டங்கள் நிலைக்காது.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், கடுமையான மனநோய்க்கு ஆளான தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 2009இல் தொடங்கப்பட்டது, ஐந்து படுக்கைகளோடு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவமனையில் சேரும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்கிறது. ஆபத்து கருதிப் பிரிக்க நேர்ந்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். அதை நடைமுறைப்படுத்த, தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து இடம் ஒதுக்கிய வார்டுகள் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதைக் கேட்டு வாங்குவோம். அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற பெண் இருந்தால், குழந்தையைப் பார்க்க வருபவர்கள் அவளையும் ஒரு வார்த்தை விசாரிக்கட்டும். பெண் பிள்ளையா என்று இழுப்பவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். அப்பாவான இளைஞர்களே, இரவில் ஒரு முறையாவது எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுங்கள். இரண்டு வாரம் கடந்தும் அவள் முகம் தெளியாவிட்டாலும், உயிரை விடுவது பற்றி ஒரு சொல் சொன்னாலும், காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416; கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.